சுக்கானும் வெப்பமும்: இறங்காத விரையின் மருத்துவ வரலாறு

ஆண் சிசுவின் விரைகள் முதலில் உருவாகும் இடம் விரைப்பை அன்று. சிறுநீரகங்களுக்கு அருகே வயிற்றின் உட்புறத்தில் தோன்றும் அவை, கருக்காலத்தின் பிற்பகுதியில் அரையிடுக்கின் வழியாகக் கீழிறங்கி, பிறப்புக்குச் சற்று முன்னர் விரைப்பையை அடைகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரையிலும், குறைமாதக் குழந்தைகளில் மூவரில் ஒருவர் என்ற அளவு வரையிலும், ஒரு விரையோ இரண்டுமோ இந்தப் பயணத்தை முடிக்காமல் இடைவழியில் நின்றுவிடுகின்றன. அவற்றுள் பல முதல் சில மாதங்களில் தாமாகவே இறங்கிவிடுவதால், ஓராண்டு நிறைவில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே குறை எஞ்சுகிறது. மருத்துவ நூல்கள் இந்நிலையைக் கிரிப்டார்கிடிசம் என்று அழைக்கின்றன. கிரேக்க மொழியில் அதற்கு 'மறைந்த விரை' என்று பொருள். மண்ணுக்கடியில் இணைகிழங்கு கொண்ட ஆர்கிட் செடிக்கும் அதே வேர்ச்சொல்லே பெயர் தந்தது என்பது மொழியியலார் சுவைத்துச் சொல்லும் செய்தி.

இந்தக் குறையைப் பற்றிய மருத்துவச் சிந்தனை ஏறத்தாழ 260 ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. விரை இறங்காததால் பழுதுபடுகிறதா, அல்லது முன்பே பழுதுபட்டிருந்ததால்தான் இறங்கவில்லையா என்பதே அக்கேள்வி. அறுவையின் காலம், ஹார்மோன் மருத்துவம், அண்மையில் பேசப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் ஆகிய ஒவ்வொன்றும் இக்கேள்விக்கு ஒரு பக்கத்து விடையை உண்மையென எடுத்துக்கொண்டே வளர்ந்தன. எந்த விடையை எடுத்துக்கொண்டோம் என்பதைப் பல வேளைகளில் அம்மருத்துவங்களைக் கையாண்டவர்களே கவனித்ததில்லை.

சிசுவின் விரைகள் வயிற்றுக்குள் இருப்பதைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் ஆல்பிரெக்ட் வான் ஹாலர் 1755இல் எடுத்துரைத்தார். அவை எவ்வாறு இறங்குகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தவர், ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய ஜான் ஹண்டர். அவருடைய விவரிப்பு 1762இல் அவருடைய தமையன் வில்லியம் ஹண்டரின் நூலில் இடம்பெற்றது. சிசுக்களின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது, விரையின் கீழ்முனையிலிருந்து விரைப்பையை நோக்கி நீளும் ஒரு தசைநார்க் கட்டை அவர் கண்டார். அது விரைக்கு வழிகாட்டுவதாகத் தோன்றியதால், படகின் சுக்கானைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குக் குபர்னாகுலம் என்று பெயரிட்டார். பெயர் பொருத்தமாக அமைந்ததா என்பதில் பிற்காலத்தார் ஒருமனப்படவில்லை. அந்தக் கட்டு விரையைக் கயிறுபோல் இழுக்கவில்லை, கருவின் உடல் வளரும்போது தான் தடித்துக் கொழுத்து விரையை அரையிடுக்கின் வாயிலருகே நங்கூரமிட்டு நிறுத்துகிறது என்பதே இன்றைய கருத்து. கப்பல் சொல்லே வேண்டுமென்றால் நங்கூரம் என்ற பெயர்தான் பொருந்தியிருக்கும்.

பெயரைவிட முக்கியமானது ஹண்டர் வந்தடைந்த முடிவு. இறங்காத விரைகள் அளவிலும் அமைப்பிலும் குறைபட்டிருப்பதைக் கண்ட அவர், இறங்காமைக்கான காரணம் பெரும்பாலும் விரையிலேயே இருக்கிறது என்று கருதினார். தங்கிய இடம் விரையைக் கெடுக்கவில்லை, கெட்ட விரைதான் அங்கே தங்கிவிட்டது என்பது அதன் பொருள். இந்தக் கருத்தை ஏற்றால் அறுவை மருத்துவருக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. ஹண்டருக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறுவையாளர்கள் இதில் கை வைக்கத் தயங்கியதற்கு இக்கருத்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் சீழ்பிடித்தல் குறித்த அச்சமே பெரிய காரணம். 1871இல் லண்டனில் ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற அறுவையாளர், விரை இடம் மாறித் தொடைகளின் இடைவெளியில் நின்றுவிட்ட 11 மாதக் குழந்தைக்கு அறுவை செய்தார். குழந்தை நோய்த்தொற்றால் இறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1877இல், எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் அதேபோன்ற விரையை விரைப்பைக்குள் கொண்டுவந்து தையலிட்டு நிலைநிறுத்தினார்; அக்குழந்தை பிழைத்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே கிருமித்தொற்றைத் தடுக்கும் லிஸ்டரின் முறை அறுவைக்கூடங்களில் பரவியிருந்தது என்பதை நினைவில் கொண்டால், வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

விரையை இறக்கி நிலைநிறுத்தும் இந்த அறுவைக்கு ஆர்கியோபெக்ஸி என்று பெயர். இறங்காத விரையோடு பெரும்பாலும் ஒரு குடலிறக்கப் பையும் சேர்ந்தே இருக்கும்; அந்தப் பையைப் பிரித்துக் கட்டி, விரையைத் தாங்கும் இரத்தக் குழாய்களையும் விந்துக் குழாயையும் சுற்றியுள்ள இழைகளிலிருந்து விடுவித்தால், இழுவிசை இல்லாமலேயே விரை கீழே வந்துசேரும் என்று சிகாகோவின் ஆர்தர் டீன் பெவன் 1899இல் காட்டினார். எல்லோரும் இந்தப் பொறுமையைக் கைக்கொள்ளவில்லை. 1909இல் பிரான்ஸ் டோரெக், விரையைத் தொடையின் தசையுறையோடு தைத்துச் சில மாதங்கள் வைத்திருந்து, பின்னர் இரண்டாம் அறுவையில் பிரித்தெடுக்கும் முறையைப் பரப்பினார். இழுத்து வைக்கும் இத்தகைய முறைகளில் விரைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குன்றி, விரை உரிய இடத்தில் இருந்தும் சுருங்கிப்போகும் ஆபத்து இருந்தது. இடம் சரியானால் செயலும் சரியாகும் என்ற எளிய நம்பிக்கை அக்காலத்து அறுவைக் கட்டுரைகளில் மிகுதியாகத் தென்படுகிறது.

இடத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பு என்ன என்ற கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து, கால்நடைகளிடமிருந்து வந்தது. ஒரு விரை உள்ளேயே தங்கிவிட்ட ஆண் குதிரை, வெளியிலுள்ள விரை நீக்கப்பட்ட பின்னும் பொலிகுதிரையின் முரட்டுத்தனத்தோடு திரியும் என்பது ஐரோப்பியக் குதிரை வணிகர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆங்கிலேய வணிகர்கள் அத்தகைய குதிரையை 'ரிக்' என்று தனிப் பெயரிட்டு அழைத்தனர். அதற்குக் குட்டி பிறப்பதில்லை, ஆனால் ஆண்மைக் குணம் குறைவதில்லை. பிரான்சின் நான்சி நகரைச் சேர்ந்த பொல் புவனும் போல் ஆன்செலும் விரை இறங்காத பன்றிகளை ஆராய்ந்து, 1903இல் இந்தப் புதிருக்கு விடை கூறினர். அவ்விலங்குகளின் விரைகளில் விந்தணுக்களை உண்டாக்கும் நுண்குழல்கள் அழிந்திருந்தன. ஆனால் அக்குழல்களுக்கு இடையிலுள்ள செல்கள், அதாவது பிரான்ஸ் லெய்டிக் 1850இல் விவரித்த செல்கள், அழியாமல் இருந்தன. எனவே ஆண்மைக்குரிய உடற்குறிகளை உண்டாக்கும் சுரப்பு அச்செல்களிலிருந்தே வருகிறது என்று அவர்கள் முடிவு செய்தனர். விரை செய்யும் வேலை ஒன்றன்று, இரண்டு என்ற இன்றைய பாடநூல் செய்தியின் தொடக்கம் இறங்காத விரையில்தான் இருக்கிறது. இரண்டில் விந்தணு உற்பத்தி மட்டும் வயிற்றுக்குள் நலிவடைவது ஏன் என்ற அடுத்த கேள்வியும் அங்கிருந்தே பிறந்தது.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோசப் கிரிஃபித்ஸ் 1893இலேயே நாய்களின் நலமான விரைகளை வயிற்றுக்குள் திருப்பி வைத்து, அவை நலிவடைவதைக் காட்டியிருந்தார். ஹண்டரின் முடிவுக்கு நேர் எதிரான சான்று அது. நல்ல விரையும் தவறான இடத்தில் கெட்டுப்போகும் என்பதே அதன் பொருள். காரணம் வெப்பமாக இருக்கலாம் என்ற கருத்தை எடின்பரோவின் எஃப். ஏ. இ. க்ரூ 1922இல் முன்வைத்தார். ஜப்பானின் ஃபுகுயி 1923இல் விரைகளைச் சூடாக்கியும் குளிர்வித்தும் சோதித்தார். இவற்றையெல்லாம் ஒன்றிணைத்து விவாதத்தை முடித்து வைத்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கார்ல் மூர். கினிப்பன்றிகளின் விரைகளை வயிற்றுக்குள் வைத்தால் விந்தணு உற்பத்தி விரைவில் குலைவதையும், அதிகம் தாமதிக்காமல் திரும்ப இறக்கினால் அது மீள்வதையும் அவர் கண்டார். செம்மறிக் கிடாவின் விரைப்பையை வெப்பம் வெளியேறாத உறையால் சுற்றிவைத்தபோது, விரை இடம் பெயராமலேயே நலிந்தது. 1924இல் வெளிவந்த கட்டுரையில் விரைப்பை ஒரு வெப்பச் சீரமைப்பான் என்று மூரும் அவருடைய இணையாசிரியர் குவிக்கும் எழுதினர். மனிதரில் விரைப்பையின் வெப்பம் உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவு. அந்தச் சிறு இடைவெளியில்தான் விந்தணு உற்பத்தி நிலைபெறுகிறது.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. யானையின் விரைகள் வாழ்நாள் முழுவதும் வயிற்றுக்குள்ளேயே, சிறுநீரகங்களுக்கு அருகில் இருக்கின்றன. கொம்பன் யானைக்கு வெளியே தெரியும் விரைப்பையே கிடையாது, ஆயினும் அதன் இனப்பெருக்கத்துக்குக் குறைவில்லை. மனிதரிடம் ஓரிணை மட்டுமே உள்ள டிபி53 என்னும் மரபணு யானையிடம் இருபது படிகளாகப் பெருகியிருப்பது 2015இல் வெளிவந்தது. பழுதான செல்லைக் கண்டறிந்து, சீர்செய்ய முடியாவிட்டால் அதை மாய்த்துவிடும் வேலையைச் செய்வது இந்த மரபணு. யானைக்குப் புற்றுநோய் அரிதாக வருவதற்கு இதுவே காரணம் எனப் பலரும் கருத, வெப்பத்தில் உருவாகும் விந்தணுக்களைக் காப்பதற்காகவே இந்தப் பெருக்கம் முதலில் ஏற்பட்டிருக்கலாம் என்ற கருதுகோளை ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரிட்ஸ் ஃபோல்ராத் 2023இல் வெளியிட்டார். அது மெய்ப்பிக்கப்படாத கருதுகோள்தான். எனினும் வெப்பம் என்பது விளக்கத்தின் முடிவு அன்று, தொடக்கமே என்பதை அது உணர்த்துகிறது. வெப்பம் செல்லுக்குள் எதைக் கெடுக்கிறது என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு வருமுன் ஹார்மோன்களின் காலம் ஒன்று குறுக்கிட்டது. 1927இல் ஆஷ்ஹைமும் சொண்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இனச்சுரப்பிகளைத் தூண்டும் ஹார்மோன் இருப்பதைக் காட்டிய பின், பெர்லினில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பெர்னார்ட் ஷாபிரோ 1930 அளவில் இத்தகைய சுரப்புகளை இறங்காத விரைக்கு மருந்தாகத் தந்து பார்த்தார். 1933 மே மாதத்தில் நாஜிகள் அந்த நிறுவனத்தைச் சூறையாடி நூல்களை எரித்தனர். மருத்துவமுறை மட்டும் பிற நாடுகளுக்குப் பரவி, கத்தியில்லாத சிகிச்சையாக அரை நூற்றாண்டுக்கு மேல் புழங்கியது. கத்தியைத் தவிர்க்கும் எதற்கும் பெற்றோரிடையே வரவேற்பு மிகுதி என்பதால் அதன் பயன் எவ்வளவு என்று கடுமையாகச் சோதிக்கப்பட நெடுநாள் ஆயிற்று. சோதித்தபோது கிடைத்த விடை ஊக்கமளிப்பதாக இல்லை. ஐந்தில் ஒரு விரை அளவிலேயே அது இறங்கியது. அவற்றுள் சில மீண்டும் மேலேறின. 1997இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் இன்னும் கவலைக்குரிய செய்தியை வெளியிட்டனர். இந்த ஹார்மோன் பெற்ற சிறுவர்களின் விரைகளில் விந்தணுக்களின் மூலசெல்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வு கூடியிருந்தது. வளர்ந்த பின் அவர்களுடைய விரைகள் சிறுத்திருந்தன. நன்மை செய்யும் என்று தந்தது காக்க வேண்டியதையே கெடுக்கக்கூடும் என்ற இந்த அனுபவம், பின்னர் வந்த எந்த மருந்தையும் எடைபோடும்போது மறக்கத் தகாதது. 2007இல் நார்டிக் நாடுகளின் மருத்துவர்கள் ஒன்றுகூடி, ஹார்மோன் சிகிச்சையைக் கைவிட்டு, 6 முதல் 12 மாத வயதுக்குள் அறுவை செய்வதே தக்கது என்று அறிவித்தனர்.

ஆக்சிஜனின் கதை இதற்கு இணையாக, நெடுங்காலம் தொடர்பில்லாமல் வேறொரு தடத்தில் நடந்துவந்தது. 1922இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும், எலிகள் கருவைத் தாங்கி ஈனுவதற்குத் தேவையான ஓர் உணவுப் பொருளைக் கண்டறிந்தனர். வைட்டமின் ஈ என்று பெயர் பெற்ற அதற்கு, 1936இல் தூய நிலையில் பிரித்தெடுத்தபோது, பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து டோகோஃபெரால் என்ற வேதிப்பெயர் வைக்கப்பட்டது. அந்த வைட்டமின் இல்லாத உணவு உண்ட ஆண் எலிகளின் விரைகள் நலிந்தன என்பதைக் கார்ல் மேசன் 1920களில் விவரித்தார். பெண் எலிக்கு வைட்டமினைத் திரும்பத் தந்தால் அடுத்த கரு நிலைத்தது. ஆண் எலியின் விரை ஒருமுறை நலிந்த பின் வைட்டமினைத் தந்தும் மீளவில்லை. இழப்புக்கு முன் தரும் மருந்தும் இழப்புக்குப் பின் தரும் மருந்தும் ஒன்றல்ல என்ற செய்தி அப்போதே அங்கு இருந்தது.

நியூயார்க்கில் ஜான் மெக்லியோட் 1943இல், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித விந்தணுக்கள் அசைவை இழப்பதையும், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் அசைவு காக்கப்படுவதையும் காட்டினார். உயிருக்கு அடிப்படையான ஆக்சிஜனே விந்தணுவுக்கு நஞ்சாகும் என்ற இந்த முரண், 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மனும் அவருடன் பணியாற்றியோரும் அளித்த விளக்கத்தால் பொருள் பெற்றது. செல் மூச்சுவிடும்போது ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி, இணைசேராத எலக்ட்ரானோடு திரியும் தனியுறுப்புகளாக மாறுகிறது. அந்தத் துகள்கள் தம் குறையைத் தீர்த்துக்கொள்ள அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் தாக்குகின்றன. உடல் இவற்றை அடக்குவதற்கென நொதிகளை வைத்திருக்கிறது. அவற்றுள் தலையாயதான சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸின் செயலை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்தனர். இந்த நொதிகளுக்குத் துணையாக நின்று தனியுறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் வைட்டமின் ஈ, வைட்டமின் சி போன்றவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் எனப்படுகின்றன. தாக்குதல் காப்பை மிஞ்சும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

விந்தணு இதற்கு எளிதில் இரையாவது அதன் அமைப்பினால். அதன் சவ்வில் எளிதாக ஆக்சிஜனேற்றம் பெறும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. நெடும்பயணத்துக்காகச் சுமையைக் குறைத்துக்கொண்டது போல அது தன் செல்நீரைப் பெரும்பாலும் உதறிவிடுவதால், காக்கும் நொதிகள் தங்க அதனுள் இடமும் குறைவு. தாடியஸ் மேனின் குழுவினர் 1979இல் விந்தணுக் கொழுப்பு கெடுவதை விளக்கினர். எடின்பரோவில் ஜான் ஐட்கென் 1987 முதல், மலட்டுத்தன்மையுள்ள சில ஆண்களின் விந்தணுக்கள் தனியுறுப்புகளை மிகுதியாக வெளியிடுவதைக் காட்டினார்.

இரு தடங்களும் சந்தித்தது பின்லாந்தின் துர்க்கு நகரில். 1992இல் மார்க்கு அஹோடுபாவும் இல்போ ஹுஹ்தனியேமியும், எலிகளின் விரைகளை வயிற்றுக்குள் நிறுத்தியபோது அங்கே காக்கும் நொதிகளின் செயல் குன்றி, கொழுப்பு கெடுதல் மிகுவதை அளந்தனர். வெப்பம் செல்களின் வேலையை முடுக்குகிறது. விரைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அதற்கேற்பக் கூடுவதில்லை. அந்த நெருக்கடியில் தனியுறுப்புகள் பெருகி, மூலசெல்கள் திட்டமிட்ட மரணத்துக்குத் தள்ளப்படுகின்றன என்பது இன்று பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், தனியுறுப்புகளை உண்டாக்கும் ஒரு நொதியை அடக்கும் மருந்தைத் தந்து, எலி விரைகளில் இந்த மரணத்தைக் குறைத்துக் காட்டினர். அம்மருந்து கீல்வாதத்துக்குத் தரப்படும் வகையைச் சேர்ந்தது. அதைத் தொடர்ந்து வைட்டமின்கள், மெலடோனின், தாவரச் சாறுகள் எனப் பலவும் எலிகளில் சோதிக்கப்பட்டுள்ளன; பெரும்பாலானவை நற்பலன் தந்ததாகவே அக்கட்டுரைகள் கூறுகின்றன.

இத்தகைய ஒருமித்த வெற்றி சற்று ஐயத்தைத் தூண்ட வேண்டும். எலியின் அரையிடுக்கு வழி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருப்பதால், வளர்ந்த எலியின் நலமான விரையை மேலே தள்ளித் தைத்துவிட முடிகிறது. அதாவது, கிரிஃபித்ஸ் நாயிடம் செய்ததைப் போல, நல்ல விரை தவறான இடத்தில் கெடுவதைத்தான் அச்சோதனை பார்க்கிறது. ஹண்டரின் ஐயம் அங்கே எழுவதற்கே இடமில்லை. மனிதக் குழந்தையின் நிலை வேறு. ஒரு பக்க விரை மட்டும் இறங்காத சிறுவர்களில் சிலருக்கு, உரிய இடத்தில் இறங்கியுள்ள மறு விரையிலும் மூலசெல்கள் குறைவு. பிறந்த மூன்றாம் மாதத்தை ஒட்டி ஆண் குழந்தையின் உடலில் ஹார்மோன்கள் சில வாரங்கள் எழுந்து அடங்குகின்றன. சிறுபருவம் என்று மருத்துவர்கள் அழைக்கும் அந்தக் காலத்தில்தான், ஆதி மூலசெல்கள் வாழ்நாள் முழுவதும் விந்தணுவை ஈனும் தண்டு செல்களாக மாறுகின்றன. இறங்காத விரையில் அந்த மாற்றம் பலவேளை நிகழ்வதில்லை என்பதைச் சுவிட்சர்லாந்தின் ஃபரூக் ஹட்ஜிசெலிமோவிச் பல்லாண்டுகளாக வலியுறுத்திவருகிறார். ஹார்மோன் எழாததால் அந்த மாற்றம் நிகழாமல் போயிருந்தால், எத்தனை வைட்டமின் தந்தும் அதைத் திரும்பப் பெற முடியாது. தனியுறுப்புகள் கொல்வதற்கு முன்பே அங்கே உருவாக வேண்டியது உருவாகவில்லை. ஸ்வீடனில் அறுவை பெற்ற 16,983 ஆண்களைத் தொடர்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்விலும், 13 வயதுக்கு முன் அறுவை பெற்றோருக்கு விரைப் புற்றுநோய் வாய்ப்பு பொதுமக்களைவிட 2.23 மடங்காகவும், பின்னர் பெற்றோருக்கு 5.40 மடங்காகவும் இருந்தது. இடத்தைச் சரிசெய்தது உதவியது, ஆனால் கணக்கு ஒன்றுக்குத் திரும்பவில்லை. ஹண்டரும் கிரிஃபித்ஸும் ஆளுக்குப் பாதி சரி என்று இதைப் படிக்கலாம்.

வளர்ந்த ஆண்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது விற்பனை விளம்பரங்கள் அளித்த நம்பிக்கை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 2,370 ஆண்களிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட சோதனையில், ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் விந்தணுவின் தரத்தையோ குழந்தைப் பிறப்பையோ கூட்டவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு சோதனையில், வைட்டமின்கள், செலினியம், கார்னிடைன், லைகோபீன் முதலியவை சேர்ந்த கலவையும் பயன் தரவில்லை. அவை விரை இறங்காதவர்களுக்கென நடத்தப்பட்டவை அல்ல என்பது உண்மை. எனினும் மிகுதியாகத் தந்தால் நன்மை மிகும் என்ற எண்ணம் அடிப்படையிலேயே பிழையானது. கருமுட்டையைத் துளைக்கும் திறனை விந்தணு அடைவதற்கே சிறிதளவு தனியுறுப்புகள் தேவை என்பதை மாண்ட்ரியலில் டி லமிராண்டும் கானோனும் 1990களில் காட்டியிருந்தனர். முழுவதும் அடக்கினால் அந்தத் திறனும் அடங்கும்.

எஞ்சியிருப்பது அறுவையை ஒட்டிய சிறு இடைவெளி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூப்பை ஒட்டிச் செய்யப்பட்ட அறுவை, பின்னர் பள்ளிப் பருவத்துக்கும், அதன்பின் இரண்டு வயதுக்கும், இப்போது முதல் பிறந்தநாளை ஒட்டியும் இறங்கி வந்துள்ளது. பிட்ஸ்பர்க்கில் சிறுவயதில் அறுவை பெற்ற ஆண்களைத் தொடர்ந்தபோது, ஒரு பக்கக் குறையிருந்தோரில் சுமார் 90 விழுக்காட்டினர் தந்தையாயினர், அக்குறை இல்லாதோருக்கு ஏறத்தாழ நிகராக. இரு பக்கக் குறையிருந்தோரில் அது சுமார் 65 விழுக்காடு. ஆகவே உதவி தேவைப்படுவோர் இந்த இரண்டாம் கூட்டத்தினரே. அவர்களில், விரை கீழே வந்த பின் எஞ்சிய மூலசெல்களைக் காக்கத் தடுப்பி மருந்து உதவுமா என்பதே இன்று பொருளுடன் கேட்கத்தக்க கேள்வி. ஒன்பது மாதக் குழந்தைக்கு இன்று தரும் மருந்து பயன் தந்ததா என்பதை, அவன் வளர்ந்து ஒரு குழந்தையை விரும்பும் வயதுக்கு வந்த பின்புதான் எண்ண முடியும். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளாவது ஆகும். ஹெல்சிங்கியில் ஹார்மோன் பெற்ற சிறுவர்களின் கதை வெளிவரவும் ஏறத்தாழ அவ்வளவு காலமே ஆயிற்று.